சத்திரக்காரியின் தெத்துப்பல்

ராஜா எழுந்து போய்விட்டார். அவருடைய பற்கள் மட்டும் சிம்மாசனத்துக்கு மேலே, காற்றில், சிரித்தபடி நின்றன.

மந்திரி ஒன்றுமே நடக்காத மாதிரி அந்தப் பற்களைப் பார்த்துக் குனிந்து வணங்கி, எதிரிப் படை மலையைத் தாண்டிவிட்டது என்று கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தார். பற்கள் அதற்கும் சிரித்தன. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பல்லவி நாற்காலியோடு சேர்ந்து குலுங்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சின்ன அறையில் ஒருவருக்கு மறை கழன்றுவிட்டது. திருப்புளி வைத்திருக்கும் பயணிகள் உடனடியாகத் தொடர்புகொள்ளவும்."

அது மாமா, அக்காவின் கணவர். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவர் வேலை. அந்த வேலையை ஆபீசிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வரலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பால் பொங்கினாலும் அறிவிப்பு, கொசு கடித்தாலும் அறிவிப்பு. அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். வருகிறவர் காதில் ஃப்ரேமை மாட்டி, கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, "உங்க முகத்துக்கு எடுப்பா இருக்குங்க" என்று நாளெல்லாம் சொல்வாள். பல்லவிக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. ஆக, கண்ணுக்கு அக்கா, பல்லுக்குத் தங்கச்சி, வாய்க்கு மாமா. மூக்குக்கு மட்டும் அந்த வீட்டில் ஆள் பாக்கி.

பல்லவி என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. லேபில் வைத்தது. பாட்டுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். பல்லுக்கும் அவளுக்கும்தான் பத்துப் பொருத்தமும். எதிரே வருகிறவர் முகம் அவளுக்கு மறந்துபோகும், பல் மறக்காது.

"யாருடீ அது, உனக்கு வணக்கம் சொல்லிட்டுப் போறாரு?" என்று அக்கா கேட்பாள்.

"மேல் வரிசையில ஒண்ணு பாதி ஒடிஞ்சு, அதை நாக்கால தடவிக்கிட்டே பேசுவாரே, அவருதான்."

"பேரைக் கேட்டேன்."

"பேரெல்லாம் யாருக்குக்கா தெரியும்."

அவளிடம் இருந்த கம்ப்யூட்டர் ஒருவர் வைத்திருந்து விற்றது. விற்றவர் தன் போட்டோ, பாட்டு எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்தார். ஒரு பழைய கேமை மட்டும் மறந்துவிட்டார். துறைமுகப் பட்டணம், கோட்டை, ராஜா, கடற்கொள்ளைக்காரர்கள், கையில் வாளோடு அலையும் ஒரு வீரன். ஊரே எப்போதோ விளையாடி முடித்துத் தூக்கிப்போட்ட சரக்கு. பல்லவி ஒரு விடுமுறை நாளில் பொழுது போகாமல் அதைத் திறந்தாள். கொள்ளைத் தலைவன் கப்பல் முனையில் நின்று வாயைப் பிளந்து கர்ஜித்தான்.

உள்ளே பல்லே இல்லை. சுண்ணாம்பு அடித்த மதில் மாதிரி இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய் வரைக்கும் ஒரே வெள்ளைப் பட்டை.

மற்றவர்களுக்கு அந்த இடத்தில் பயம் வருமாம். பல்லவிக்குப் பரிதாபம் வந்தது. "ஐயோ பாவம், இவனுக்கு மேல் செட் யாரு பண்ணினது?" என்று வாய்விட்டே கேட்டாள். ராஜாவுக்கும் அதே பட்டை. மீன்காரி, காவல்காரன், சத்திரக்காரி, பிச்சைக்காரன் எல்லோருக்கும் அதே பட்டை. ஊர் முழுக்க ஒரே சுவரை வெட்டி வெட்டி வைத்திருந்தார்கள். வாளை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியவள் கீழே வைத்துவிட்டாள். இந்த ஊருக்கு வேண்டியது வீரன் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

இப்படி யாரோ செய்த கேமைப் பிரித்து, தனக்குப் பிடித்த மாதிரி மாற்றி மறுபடி மூடுவதற்கு மாட் என்று பேர். ரெடிமேட் சட்டையை வாங்கி வந்து பிரித்துத் தைத்துக்கொள்வதுபோலத்தான். இதற்கென்றே உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. ஒருவன் குதிரைக்கு இறக்கை வைப்பான், ஒருவன் வாளில் தீ வைப்பான். பல்லவி பல் வைக்கக் கிளம்பினாள். சொல்லித் தரும் வீடியோக்களைப் பார்த்தாள். எல்லா வீடியோவிலும் ஒரு ஆள் தூங்கி எழுந்த குரலில், "இது ரொம்ப ஈசிங்க" என்று ஆரம்பித்தான். முதல் முயற்சியில் மீன்காரிக்கு மோவாயில் பல் முளைத்தது. அடுத்ததில் காவல்காரனுக்குக் கன்னத்தில். மூன்றாவதுதான் ராஜா. பல்லைத் தாடை எலும்போடு கட்டாமல் விட்டதால் அவர் போக, அது நின்றுவிட்டது.

கட்டத் தெரிந்துகொண்ட பிறகு அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. யார் பல்லை யாருக்கு வைப்பது என்பதுதான் இனி கேள்வி. கற்பனையில் ஒரு பல்கூட அவளுக்கு வராது. பார்த்த பல்தான் வரும். அவள் போகும் பஸ்ஸின் கண்டக்டருக்கு முன்பல்லில் ஒரு சந்து. "டிக்கெட்" என்று சொல்லும்போதெல்லாம் அதன் வழியே ஒரு சின்ன விசில் கிளம்பும். அது கேமில் மாலுமிக்குப் போனது. எதிர்வீட்டுக்காரருக்குக் கீழ் வரிசைப் பற்கள் நெரிசலான பஸ்ஸில் நிற்பவர்கள் மாதிரி ஒன்றையொன்று தோளால் இடிக்கும். அது கொள்ளைத் தலைவனுக்கு. பார்த்த பல்லை மனதில் வாங்கிக்கொண்டு, மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் லேப் மெழுகில் குடைந்து பார்ப்பாள். மெழுகில் உட்காராத பல் மௌஸிலும் உட்காராது என்பது அவள் கண்ட உண்மை.

லேபில் மூத்தவர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அண்ணன். எதைச் சொன்னாலும் "என்ன நான் சொல்றது" என்று முடிப்பார், எதிரே ஆள் இல்லாவிட்டாலும். அவருக்குக் கடைவாயில் ஒரு தங்க உறை.

"பல்லவி, அது யாரு பல்லு?" என்று ஒருநாள் மெழுகை எட்டிப் பார்த்தார்.

"கோட்டைக் காவல்காரருதுண்ணே."

"எந்தக் கோட்டை? நம்மகிட்ட அப்படி ஒரு ஆர்டரே வரலையே." கொஞ்சம் குனிந்தார். "இது என்ன, என் தங்கப்பல்லு மாதிரியே இருக்கு."

"உங்களதுதாண்ணே. அவரு ராத்திரி பகலா வாசல்ல நிக்கிறாரு. கொஞ்சம் மின்னட்டுமேன்னு வச்சேன்."

அண்ணன் யோசித்தார். "கோட்டைவாசல்ல நிக்கிறது கௌரவமான வேலைதான். ஆனா மெழுகு கம்பெனி மெழுகு. என்ன நான் சொல்றது."

பல் வைத்த கேமை அவள் மாட்காரர்கள் கூடும் தளத்தில் ஏற்றினாள். முதலில் வந்தவன், "சகோ, டிராகனுக்கு இறக்கை பண்ணலாமே, பல்லு எதுக்கு?" என்று எழுதினான். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் சகோதான், அவள் பெண் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. அவள், "டிராகனும் கொட்டாவி விடும்ல" என்று பதில் போட்டாள். கொஞ்ச நாளில் எங்கோ தூரத்து நாட்டுக்காரர் ஒருவர் எழுதினார்: "ஐயா, உங்கள் காவல்காரனின் தங்கப்பல்லைப் பார்த்த பிறகு, அவனை வெட்டிவிட்டு உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துச் சந்து வழியாகப் போனேன்." பல்லவி அதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினாள். அண்ணன் அன்று முழுக்க வாயைக் கொஞ்சம் திறந்தே வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்.

ஊரில் பாதிப் பேருக்குப் பல் வைத்தாகிவிட்டது. சத்திரக்காரிதான் பாக்கி. வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தாள். சத்திரக்காரிக்கு ஒரு சிரிப்பு உண்டு. யார் கதவைத் திறந்து வந்தாலும் இடுப்பில் கையை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை தெரியச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு ஏற்ற பல் ஒன்றுதான் இருக்கிறது. அது கூடவே, அதே வீட்டில், அக்கா வாயில் இருந்தது.

அக்காவுக்கு இடப்பக்கம் மேலே ஒரு தெத்துப்பல். வரிசையில் நிற்கச் சொன்னால் நிற்காமல் ஒரு எட்டு முன்னால் வந்து நிற்கும் ரகம். அக்கா சிரிக்க ஆரம்பித்தால், மற்ற பற்கள் வருமுன்னே அது வந்துவிடும், கதவைத் திறக்குமுன் ஜன்னலில் எட்டிப் பார்க்கும் பிள்ளை மாதிரி. ஆனால் அதைப் பார்ப்பது லேசில்லை. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்க வந்தவர், "ரெண்டாவது வரிசை, நீ மட்டும் வாயை மூடிக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அடுத்த நிமிஷமே மறந்திருப்பார். அக்கா மறக்கவில்லை. அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் வலது கை வாய்க்குப் போய்விடும். கல்யாண ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும் அக்காவின் பல் ஒன்றுகூடக் கிடைக்காது. மாமாவின் பல் எல்லாமே கிடைக்கும், கடைவாய்ப்பல் உள்பட.

இந்த நிலையில்தான் கண்ணாடிக் கடை முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. கடைவாசலில் பெரிய போஸ்டர் வைக்க வேண்டும், விளம்பரப் பெண்கள் வேண்டாம், கடையில் வேலை செய்பவர்களே புது ஃப்ரேம் போட்டுக்கொண்டு சிரிக்க வேண்டும்.

அக்கா அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் சொன்னாள். "இந்தப் பல்லைப் பிடுங்கிட்டு நேரா ஒண்ணு வச்சுக்கப் போறேன். டாக்டர்கிட்ட பேசிட்டேன். போட்டோவுக்கு முன்னாடி முடிச்சிரணும். உங்க லேபுக்குத்தான் வரும். நீயே பண்ணு."

"நல்ல பல்லை எதுக்குக்கா பிடுங்கணும்?"

"உனக்கென்னடீ. அடுக்கி வச்ச மாதிரி பல்லு. பேசுவ."

கோணலை நேராக்குவதுதான் பல்லவி சாப்பிடும் சோறு. கோணலாகவே இருக்கட்டும் என்று எந்த வாயால் சொல்வது?

மறுவாரம் அக்கா வாயின் அச்சு பிளாஸ்டரில் லேபுக்கு வந்து சேர்ந்தது. கையில் எடுத்துப் பார்த்தாள். கூடவே இருந்தும் சரியாகப் பார்க்கக் கிடைக்காத பல் வெள்ளையாக, அசையாமல், கை மறைக்காமல் இருந்தது. நேராக்குகிற வேலையைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. டாக்டர் கிளினிக்கில் போன் எடுக்கும் பெண் பஞ்சு மாதிரிக் குரலில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ஓகேவா வைத்துக் கேட்பாள். "மேடம், அந்தத் தெத்துப்பல் கேஸ் முடிஞ்சிருச்சா, ஓகேவா?" பல்லவி ஒருநாள் பிளாஸ்டர் சரியில்லை என்றாள். ஒருநாள் மெழுகு தீர்ந்துவிட்டது என்றாள். பக்கத்தில் மெழுகுக் கட்டியோடு நின்ற அண்ணன் அதை மெல்லப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

பிடுங்கத்தான் போகிறார்கள் என்றால், போகுமுன் எங்காவது இருக்கட்டும் என்று பட்டது பல்லவிக்கு. அச்சை வீட்டுக்கு எடுத்துவந்து மேஜைமேல் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்து சத்திரக்காரிக்குப் பல் கட்டினாள். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்கும் பதில் தெரிந்ததால் கேட்கவில்லை. சத்திரக்காரி முதன்முதலாகத் தலையைச் சாய்த்துச் சிரித்தபோது பல்லவியும் கூடவே சிரித்தாள். உடனே தளத்தில் ஏற்றிவிட்டாள். ஏற்றிய பிறகுதான் கவனித்தாள். பல் பக்கம் மாறியிருந்தது. அக்காவுக்கு இடது. சத்திரக்காரிக்கு வலது.

எப்படி மாறியது என்று யோசித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. லேபில் பல் செட் எப்போதும் எதிரே இருக்கும், எதிராளி மாதிரி. அவருக்கு இடது என்றால் நமக்கு வலக்கைப் பக்கம். வேலைச் சீட்டில் இடது என்று கண் படித்தால் கை தானாக வலப்பக்கம் போய்விடும், அத்தனை வருஷப் பழக்கம். கேமிலோ அவள் சத்திரக்காரியின் வாய்க்குள்ளேயே நுழைந்து, தொண்டைப் பக்கம் முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்தபடி வேலை செய்திருந்தாள். உள்ளேயிருந்து பார்த்தால் இடது இடதுதான். மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியாமல், அது வழக்கம்போல வலப்பக்கமே போயிருந்தது.

திருத்தலாம் என்று மௌஸைத் தொட்டவள், விட்டுவிட்டாள். மாறியதும் நல்லதுக்குத்தான், மாறுவேஷம் ஆயிற்று, இனி யார் பார்த்தாலும் அக்கா என்று தெரியாது என்று தனக்குத் தானே கைகுலுக்கிக்கொண்டாள்.

தளத்தில் சத்திரக்காரி ராணியாகிவிட்டாள். சண்டையை விட்டுவிட்டு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடுகிறோம் என்று எழுதினார்கள். பல்லவிக்குப் பெருமை ஒரு பக்கம். லேப் அலமாரிக்குத் திரும்பிவிட்ட அச்சு மறு பக்கம். பெருமைப்படும்போதெல்லாம் அந்த அச்சு அவளைப் பார்ப்பது போலவே இருந்தது.

ஒரு விடுமுறைநாள் மதியம் மாமா சின்ன அறைக்குள் வந்து உட்கார்ந்தார். "நடைமேடை எண் ஒன்றில் மாமா வந்துகொண்டிருக்கிறார். அவருக்கு வாள் வேண்டும்." கொடுத்தாள். மாமா வாளை வைத்துக்கொண்டு நேராகச் சத்திரத்துக்குப் போனார். சத்திரக்காரி சிரித்தாள். பல்லவி மாமாவின் முகத்தையே பார்த்தாள்.

மாமா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு. எங்க ஸ்டேஷன் கேன்டீன்ல ஒரு அம்மா தட்டு கழுவுவாங்க. அவங்களா இருக்குமோ."

"இருக்கும் மாமா," என்றாள் பல்லவி, உயிர் திரும்பி வந்த நிம்மதியில்.

அப்போது அக்கா மடித்த துணிகளோடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். நின்றாள். துணி ஒரு கையிலேயே சரிய, வலது கை வாய்க்குப் போனது, சிரிக்காமலேயே.

"அது நான்."

"இல்லக்கா," என்றாள் பல்லவி. ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டாள்.

"என் பல்லுடீ அது."

"உனக்கு இடது பக்கம்க்கா. இவளுக்கு வலது பக்கம். நல்லாப் பாரு. சம்பந்தமே இல்ல. மாமாவே கேன்டீன் அம்மான்னுதான் சொன்னாரு."

மாமா இந்தச் சாட்சியத்தில் தன் பெயர் வந்ததை விரும்பவில்லை. வாளைக் கீழே வைத்தார்.

அக்கா துணியைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போய், கைப்பிடி வைத்த கண்ணாடியோடு வந்தாள். கடையில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அதே ரகம். திரைக்குப் பக்கத்தில் அதைப் பிடித்து, வாயிலிருந்து கையை எடுத்து, பல்லைக் காட்டினாள். கண்ணாடிக்குள் இருந்த முகத்திலும் திரைக்குள் இருந்த முகத்திலும் தெத்துப்பல் ஒரே பக்கம்தான் இருந்தது.

பல்லவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் பல் பார்த்தவள் இதைப் பார்க்கத் தவறியிருந்தாள். அக்காவை எதிரே நின்று பார்த்திராத ஒரே ஆள் அக்காதான். அவளுக்குத் தெரிந்தது கண்ணாடியில் தெரியும் அக்கா மட்டும். மற்ற எல்லோரிடமிருந்தும் மறைக்கும் மாறுவேஷத்தைப் போட்டு, மறைக்க வேண்டிய ஒரே ஆளுக்கு அச்சு அசலாகக் காட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"கேக்காம எடுத்திருக்க," என்றாள் அக்கா. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நானே யாருக்கும் காட்டாம வச்சிருக்கேன். நீ உலகத்துக்கே காட்டிட்டு உக்காந்திருக்க."

அதோடு பேச்சு நின்றது. மூன்று பேர் இருக்கும் வீட்டில் இருவர் பேசாவிட்டால் மூன்றாமவருக்குத்தான் வேலை.

"என்னங்க, அவகிட்ட சாப்பாடு ஆறுதுன்னு சொல்லுங்க," என்பாள் அக்கா. பல்லவி ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள்.

"பயணிகளின் கவனத்திற்கு. சமையலறையிலிருந்து புறப்பட வேண்டிய சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது."

"மாமா, எனக்குப் பசிக்கலன்னு சொல்லுங்க."

"சாப்பாடு ரத்து செய்யப்படுகிறது. பயணிகளுக்கு ஏற்படும் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்."

"பசிக்கலன்னா சட்டியைக் கழுவி வைக்கச் சொல்லுங்க."

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா தாயே, ரெண்டு பேரும் நேரா பேசிக்குங்க. ஸ்டேஷன்லயாவது இதுக்கு மைக் குடுக்கிறாங்க."

பல்லவி லேபுக்குப் போய் அலமாரியிலிருந்து அச்சை எடுத்தாள். இனி சாக்குச் சொல்ல முகமில்லை. பல் அக்காவுடையது, என்ன செய்வது என்று சொல்லவேண்டியதும் அக்காதான். அந்தப் பல் இருந்த இடத்தில் மெழுகில் நேராக ஒரு பல் வைத்தாள். சுத்தமாக உட்கார்ந்தது. அண்ணன் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாப் பண்ணியிருக்க. யாரு வாயில வேணாலும் வைக்கலாம்."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். இந்தத் தடவை மட்டும் என்ன நான் சொல்றது என்று சேர்க்கவில்லை. பல்லவியின் முகத்தைப் பார்த்திருப்பார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேமைத் திறந்தாள். சத்திரக்காரியின் பல்லைக் கழற்றிவிட்டுப் பழைய பட்டையையே வைத்துவிடுவது என்று முடிவு. பின்னால் நிழல் விழுந்தது.

"எடுக்கறியா?" என்றது நிழல். நேராக, மாமா இல்லாமல்.

"ஆமாக்கா. தப்புதான். கேட்டிருக்கணும்."

"ம்." அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை சிரிக்க விடு."

பல்லவி கதவைத் திறந்தாள். சத்திரக்காரி இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். அக்கா பரீட்சைத் தாளைத் திருத்துகிறவள் மாதிரிப் பார்த்தாள்.

"பக்கம் தப்புன்னியே. சரியான பக்கம் வச்சா எப்படி இருக்கும்?"

பல்லவி மறுபடி சத்திரக்காரியின் வாய்க்குள் நுழைந்து, இந்தத் தடவை கையை நம்பாமல், பல்லை இடப்பக்கம் மாற்றினாள். கதவைத் திறந்தாள். சிரிப்பு.

"இது நான் இல்ல," என்றாள் அக்கா உடனே. "என்னமோ மாதிரி இருக்கா. முகமே கோணிப்போச்சு."

காபி டம்ளரோடு அந்தப் பக்கம் போன மாமா, வாசலில் நின்றுவிட்டார்.

"அட, இது நீதானே," என்றார். அறிவிப்புக் குரல் இல்லை. வீட்டில் அவருக்கு இன்னொரு குரல் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

"நான் இல்லைங்க. அன்னிக்குப் பார்த்தீங்களே, அதுதான் நான்."

"அன்னிக்குப் பார்த்தது கேன்டீன் அம்மா. இது நீ. தினம் பாக்கறேன், எனக்குத் தெரியாதா." டம்ளரைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைக்கப் போய், பல்லவி முறைத்ததும் தரையில் வைத்தார். "ஒருநாள் மைக்கை அணைக்காம தும்மிட்டேன். அஞ்சு பிளாட்பாரத்துக்கும் கேட்டுது. எல்லாரும் என் அறிவிப்புக் கூண்டைப் பார்த்துத் திட்டினாங்க. ஒரு பல்லு மட்டும் சிரிச்சுது, கை வந்து மூடறதுக்குள்ள. இந்தப் பல்லுதான். இந்தப் பக்கம்தான். அதைத் தேடித்தானே தினம் நாலாவது பிளாட்பாரத்துக்கு வந்தேன்."

"என்னைப் பாக்க வந்தேன்னு சொன்னீங்க."

"பல்லு வந்தா பின்னாடியே நீயும் வரணும்ல."

அக்கா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தாள். "இன்னொரு தடவை திற."

பல்லவி திறந்தாள். இன்னொரு தடவை. அதற்குப் பிறகு கேட்காமலே திறந்து திறந்து மூடினாள். தனக்குப் பழக்கமில்லாத, மற்றவர்களுக்கெல்லாம் பழகிப்போன அந்தப் பெண்ணை அக்கா யாரோ வீட்டு விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படித்தான் தெரியறேனா எல்லாருக்கும்?"

"கையை எடுத்தா," என்றாள் பல்லவி.

பல்லவி எடுத்துவிடவா என்று கேட்க வாயைத் திறந்தபோது, அக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"இவ ஏன் இப்படிக் கண்ணை இடுக்கறா?"

"எப்போ?"

"சிரிச்சு முடிச்சிட்டு மேஜையில குனியறா பாரு, அப்போ. புருவத்தைச் சுருக்கறா. இவளுக்குக் கிட்டத்துல தெரியல. படிக்கிற கண்ணாடி வேணும்." கடைக்குரல் வந்துவிட்டது. "இத்தனை பேர் இருக்காங்களே, இந்த ஊர்ல ஒருத்தராவது கண்ணாடி போட்டிருக்காங்களா? அந்தக் கிழட்டு மந்திரி ஓலையை மூக்குக்கிட்ட வச்சுப் படிக்கிறான். பாக்கவே பாவமா இருக்கு."

பல்லவி மந்திரியை அத்தனை காலமாகப் பார்க்கிறாள். வாயைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

அப்படித்தான் அந்த ஊருக்கு மூக்குக்கண்ணாடி வந்தது. பல்லைக் கழற்றும் பேச்சை அக்கா எடுக்கவில்லை, பல்லவியும் நினைவூட்டவில்லை. அக்கா கடையில் புதிதாக வரும் ஃப்ரேம்களைப் பார்த்து வைத்துக்கொண்டு வந்து சொல்வாள், பல்லவி செய்வாள். சொல்வதென்றால் சாதாரணச் சொல்லா? "காதுக்கு மேல உக்காரணும்டீ, காதுக்குள்ள போகக் கூடாது. ராஜா என்ன வெல்டிங் பண்ணப் போறாரா, இவ்வளவு பெருசா? சின்னதாப் போடு." கூட வேலை செய்யும் ஆள் கிடைத்தது என்று பல்லவி முதலில் மகிழ்ந்தாள். கிடைத்தது மேஸ்திரி என்று ஒரே வாரத்தில் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன அறையில் அவளுக்கு நாற்காலியே இல்லாமல் போனது. அக்கா மௌஸைப் பிடித்துக்கொண்டாள், பல்லவி தலையணைமேல் உட்கார்ந்தாள்.

ஒரு ஞாயிறு காலை ராஜாவுக்குக் கண்ணாடி பொருத்திப் பார்த்தார்கள். தர்பார் கூடியது. மந்திரி வணங்கினார். ராஜா பெருமிதத்தோடு எழுந்து உள்ளே போனார். கண்ணாடி மட்டும் சிம்மாசனத்துக்கு மேலே, காற்றில், மந்திரியை உற்றுப் பார்த்தபடி நின்றது.

பல்லவிக்குத் தெரிந்த பழைய தப்புதான், எலும்போடு கட்ட மறந்திருந்தாள். ஆனால் அக்கா இதை முதன்முறை பார்க்கிறாள். அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலி நகர்ந்தது. தெத்துப்பல் முதலில் வந்தது, மற்றவை பின்னால் வந்தன. வலது கை மௌஸில் இருந்தது. அது எழுந்து வரவில்லை. பல்லவி பார்த்தாள், பார்க்காத மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டாள். சொன்னால் கைக்கு ஞாபகம் வந்துவிடும்.

"பயணிகளின் கவனத்திற்கு," என்றது சுவர். "சின்ன அறையில் இப்போது இருவருக்கு மறை கழன்றுவிட்டது."

மறுநாள் மதியம், லேபுக்குப் பஞ்சுக்குரல் போன் செய்தது. "மேடம், உங்க அக்கா கேஸ். போட்டோவுக்கு முன்னாடி வேணும்னு சொன்னாங்களே. இந்த வாரம் பல் எடுக்க வரச் சொல்லிரலாம், ஓகேவா?" பல்லவி அலமாரியைப் பார்த்தாள். தயாராக இருந்த நேர்ப்பல் அங்கே யார் வாய்க்கோ காத்திருந்தது. அக்காவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போட்டோ சனிக்கிழமையே எடுத்தாச்சுன்னு சொல்லு."

"சொல்லவே இல்ல?"

"நீ கேட்டியா?"

"சிரிச்சியா?"

"முதலாளி சிரிங்க சிரிங்கன்னாரு. வரல. அப்புறம், ராஜா போயிட்டாரு பல்லு மட்டும் நின்னுச்சுன்னு ஒரு கதை சொல்வியே, அதை நெனச்சேன். தொலைஞ்சுது. போட்டோக்காரருக்கே கேமரா ஆடிப்போச்சு." அக்கா கோட்டைக் காவல்காரனின் முகத்தைப் பெரிதாக்கினாள். "டாக்டர்கிட்ட, அந்த அம்மாவுக்கு வேலை தலைக்கு மேல இருக்கு, இப்போ வர முடியாதுன்னு சொல்லிரு. இவனைப் பாரு. உங்கண்ணன் பல்லு ஜம்முன்னு இருக்கு. மூக்கு சப்பை. எந்த ஃப்ரேம் போட்டாலும் சறுக்குது. எந்திரிச்சு வா, முதல்ல இவன் மூக்கைத் தூக்கு."